ஆவாரம்பூவும் கல்லீரலும்: லேபுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். படித்தது உயிர்வேதியியல், முதுகலைப் ப்ராஜெக்டுக்காக எலிகளின் கல்லீரலோடு சில மாதம் குடித்தனம் நடத்தியவன். டாக்டர் இல்லை, வைத்தியரும் இல்லை. ஆனால் ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கிற அந்த 2 நிமிஷத்தில்தான் நம்மூர் ஆட்களுக்குக் கேள்வி வரும். தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

ஆவாரம்பூ கல்லீரலைக் காக்குமா, காக்காதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

எலிக்குக் காத்திருக்கிறது, மனுஷனுக்குக் காக்கும் என்று சொல்ல இன்றைக்குக் கையில் ஆதாரம் இல்லை. ஆவாரை மட்டுமில்லை, மற்ற பூச்சாறுகளின் கதையும் இதேதான்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சும்மா சொல்லவில்லை. நம் செம்மண்ணில் மழை பொய்த்த வருஷமும் கண்மாய்க்கரையில் மஞ்சளாக நிற்கிற செடி அது. பட்டையைத் தோல் பதனிட எடுத்தார்கள், பூவைக் குளிக்கிற பொடியில் போட்டார்கள், கூட்டு வைத்தும் சாப்பிட்டார்கள். இவ்வளவுக்கும் உதவுகிற செடியை அப்படிப் புகழ்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பழமொழியைச் சொன்னவர் எஸ்ஜிபிடி என்கிற கல்லீரல் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

பாக்கெட்டில் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறதே?

அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எலிகளை ஐந்தாறு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. மற்றவற்றுக்குக் கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சு ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்கென்றே வழக்கமாக எடுப்பது கார்பன் டெட்ராகுளோரைடு, ஒரு காலத்தில் ட்ரை கிளீனிங்குக்குப் பயன்பட்ட திரவம். எண்ணெயில் கலந்து ஊசியாகப் போடுவார்கள். இல்லையென்றால் காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாராசிட்டமாலையே எக்கச்சக்கமாகக் கொடுப்பார்கள். சில கூட்டங்களுக்கு நஞ்சுக்கு முன்னாலேயே, பெரும்பாலும் ஒரு வாரம் போல, பூச்சாறு போய்க்கொண்டிருக்கும். இன்னொரு கூட்டத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க சிலிமரின், கல்லீரலுக்கென்று டாக்டர்கள் எழுதித் தருகிற மருந்து. கடைசியில் ரத்தத்தில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி பார்ப்பார்கள். கல்லீரல் செல் உடைந்தால் உள்ளே இருக்கிற இந்த நொதிகள் ரத்தத்தில் கசியும், அதைத்தான் நாங்களும் உங்கள் ரிப்போர்ட்டில் எண்ணாகப் போடுகிறோம். பூச்சாறு குடித்த எலிகளுக்கு அந்த எண் குறைவாக இருந்தால் "கல்லீரல் பாதுகாப்புத் தன்மை உடையது" என்று கட்டுரை வரும்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கவனியுங்கள், எலிக்கு நஞ்சு எப்போது வரப்போகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவருக்கு முன்கூட்டியே தெரியும். உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கல்லீரலைப் பத்து வருஷமாகக் கெடுப்பது சர்க்கரை, தொப்பை, மது, இல்லையென்றால் வைரஸ். ஒரே நாளில் ஊசி போட்டு உண்டாக்கின சேதத்தைத் தடுத்த சரக்கு, பத்து வருஷமாகச் சேர்ந்த கொழுப்பைக் கரைக்கும் என்று அந்தக் கட்டுரையில் எங்கேயும் எழுதியிருக்காது. பாக்கெட் அச்சடிக்கிறவர்தான் அதைச் சேர்த்துக்கொள்கிறார்.

எலிக்குக் கொடுத்த அளவையே நானும் எடுத்துக்கொண்டால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலிக்குப் பெரும்பாலும் உடல் எடையில் கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். எலியின் அளவை மனுஷ அளவாக்க சுமார் 6ஆல் வகுப்பது வழக்கம். 400 என்பது 65 ஆகிறது. 60 கிலோ ஆளுக்கு 4 கிராம் சாறு. இது பூ இல்லை, பூவை ஊறவைத்து இறக்கி வற்றவிட்டபின் மிஞ்சுகிற பிசின். 100 கிராம் உலர்ந்த பூவில் 10 கிராம் பிசின் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 40 கிராம் உலர்ந்த பூ வேண்டும். நீங்கள் டீயில் போடுகிற சிட்டிகை 1 கிராமோ 2 கிராமோ இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. ஆய்வகத்தில் பெரும்பாலும் எத்தனாலிலோ மெத்தனாலிலோ இறக்குவார்கள். அதில் இறங்குவது எல்லாம் உங்கள் அடுப்புக் கஷாயத்தில் இறங்காது.

சரி, அப்படியென்றால் கெட்டியான சாறு மாத்திரையாகவே கிடைக்கிறதே, அதை வாங்கிவிடலாமே?

இங்கேதான் நான் பயப்படுகிறேன். பச்சைத் தேயிலையைப் பாருங்கள். டீயாகப் போட்டுக் குடிக்கிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதே இலையின் சத்தைப் பிழிந்து, எடை குறைக்கிற மாத்திரையாக அடைத்தபோது கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை அலசிப் பார்த்து, இஜிசிஜி என்கிற அந்தச் சத்து நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாகப் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று சொன்னது. இலை ஒன்றுதான், செறிவும் வெறும் வயிற்றில் மொத்தமாக விழுங்குகிற விதமும்தான் வேறு. பூவுக்கும் இதே நியாயம். ரசத்தில் போடும் வேப்பம்பூவையும் கேப்ஸ்யூலில் அடைத்த பூச்சாற்றையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இயற்கையானதுதானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாதே?

இதைக் கேட்காத நாள் இல்லை. மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, ஆவாரையைப் பற்றியே. இலங்கையில் இதை ரணவரா என்பார்கள், அந்தப் பூவில் போடுகிற டீ அங்கே வெகு சகஜம். நாட்டு மருந்துச் செடிகள் 50ஐ அங்கே சோதித்து 1981இல் ஒரு கட்டுரை வந்தது. பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்கிற கல்லீரல் நஞ்சு இருக்கிறதா என்று தேடியதில் மூன்று செடிகளில் தென்பட்டது, அதில் ஒன்று ஆவாரை. அந்தச் செடிகளைத் தீனியில் கலந்து போட்ட எலிகளின் கல்லீரலில் புண் கண்டார்கள். ஆக, ஒரே செடி, ஓர் ஆராய்ச்சியில் எலியின் கல்லீரலைக் காக்கிறது, இன்னொன்றில் கெடுக்கிறது. எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்த விஷயம் இது. ஒரு கப் ஆவாரம்பூ டீ குடித்துவிட்டுப் பதற வேண்டாம். ஆனால் வருஷக்கணக்காக, தினம் மூன்று வேளை, அதுவும் கல்லீரலைக் காக்கிறேன் என்று சொல்லிக் குடிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

இரண்டாவது, அந்த நஞ்சின் வேலை. அது வயிற்றுக்குள் போகும்போது சாதுவாகத்தான் போகும். கல்லீரல்தான் அதை உடைத்து வெளியேற்றப் போய், நஞ்சாக மாற்றித் தன் மேலேயே கொட்டிக்கொள்கிறது. கல்லீரலுக்குள் ஓடும் சின்னச் சின்ன ரத்த நாளங்கள் அடைபட்டு, வயிற்றில் நீர் கட்டும். 1975 வாக்கில் இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் சர்குஜா பக்கம் ஆதிவாசி கிராமங்களில் இப்படித்தான் பலர் செத்துப்போனார்கள். அவர்கள் சாப்பிட்ட சாமையில் கிலுகிலுப்பைச் செடியின் விதை கலந்திருந்தது.

அந்தக் கிலுகிலுப்பை நம் ஊரிலும் உண்டு, அதன் பூவும் மஞ்சள்தான். போன வருஷம் எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வளவில் முறம் நிறைய ஆவாரம்பூ காயவைத்திருந்தார். கூலிக்கு ஆள் விட்டுப் பறித்தது. குனிந்து பார்த்தால் நடுநடுவே வேறு பூ. ஆவாரம்பூ என்றால் ஐந்து இதழும் தனித்தனியாக விரிந்து கிடக்கும், நடுவில் மகரந்தக் காம்புகள் நீளமும் குட்டையுமாக வளைந்து நிற்கும். இதுவோ அவரைப்பூ மாதிரி மூடி, கீழே கிளிமூக்கு போலக் கூர்ந்திருந்தது. ஒரு காம்பில் உப்பின காயும் ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக் காட்டினேன், கிலுகிலு என்றது. ஆவாரங்காய் தட்டையாக, காகிதம் மாதிரி இருக்கும், அது இப்படிச் சத்தம் போடாது. "அட, வெளையாட்டுப் பிள்ளைக ஆட்டுற காயில்ல தம்பி இது" என்றார் ஆச்சி. முறத்தோடு குப்பையில் கொட்டச் சொன்னேன். முறத்தை மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார்.

மூன்றாவது, கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்தி என்று எல்லோரும் குடித்த சீந்தில். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்தபின் கல்லீரல் கெட்டு வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, சர்ச்சை ஓடியது. வேறு செடி கலந்திருக்கலாம் என்பதும் ஒரு வாதம். எனக்கு அந்த வாதமே போதும். எந்தச் செடி என்று உறுதியாகத் தெரியாத பொடியைத்தானே நாமும் வாங்குகிறோம்?

உங்களுக்குத் தெரிந்து யாருக்காவது அப்படி ஆகியிருக்கிறதா, இல்லை எல்லாம் படித்த கதையா?

என் சித்தப்பாவுக்கே. ஆளுக்குக் குடி கிடையாது, லேசாகச் சர்க்கரை மட்டும். "கல்லீரல் சுத்தி" என்று போட்ட ஒரு பொடியை யாரோ கொடுத்தார்கள் என்று காலையும் மாலையும் கலக்கிக் குடித்திருக்கிறார். டப்பாவில் "அரிய மலர்கள், மூலிகைகள்" என்பதோடு சரி, என்ன பூ என்று ஒரு வரி கிடையாது. ஆறு வாரம் கழித்துச் சாப்பாடு பிடிக்கவில்லை, மூத்திரம் மஞ்சளாகப் போகிறது என்று வந்தார். எங்கள் லேபில் எஸ்ஜிபிடி வழக்கமாக 40க்குள் இருக்க வேண்டும். அவருக்கு 412. நானே நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். டாக்டர் வைரஸ் பரிசோதனை எல்லாம் பார்த்தார், ஒன்றும் இல்லை. பொடியை நிறுத்தியதும் இரண்டு மாதத்தில் இறங்கிவிட்டது. பொடிதான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் சித்தப்பா அதற்கப்புறம் டப்பாவைத் தொடவில்லை.

ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்று வந்திருக்கிறது. எந்தப் பூ நல்லது?

எந்தப் பூவும் வேண்டாம். எடை கூடுதலாக இருக்கிறவர் 5 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும், 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் வீக்கமும் தணியும். 80 கிலோ ஆள் 6 கிலோ, 8 கிலோ குறைக்க வேண்டும், அவ்வளவுதான் மருந்து. கசப்பு இல்லாத மருந்து, ஆனால் யாருக்கும் பிடிக்காது. கல்யாண சீசனில் வாரத்துக்கு மூன்று பந்தி, கந்தரப்பமும் உக்காரையும் இரண்டாவது ரவுண்டு, சாயங்காலம் சீனி போட்ட காப்பி, நடுவில் ஒரு டம்ளர் ஆவாரம்பூக் கஷாயம். எது ஜெயிக்கும்?

காப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. காப்பி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் இறுகிப்போவது குறைவு என்று பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். இந்தப் பூச்சாறுகளைவிட மனுஷர்களிடம் பார்த்த ஆதாரம் அதற்குத்தான் அதிகம். சீனி இல்லாமல்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மூன்றே வாரத்தில் சரியானதே?

சரியாகியிருக்கும். நம் பக்கம் வருகிற காமாலையில் நிறைய கெட்ட தண்ணீரால் வருகிற ஹெபடைடிஸ் ஏ, அது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் தானாகவே போய்விடும். கீழாநெல்லி கொடுத்தாலும் போகும், கொடுக்காவிட்டாலும் போகும். பெயர் மட்டும் கடைசியாகக் கொடுத்த மருந்துக்கு.

கீழாநெல்லி பூ இல்லைதான், ஆனாலும் அதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் வாங்கிய பாரூக் பிளம்பெர்க், சென்னை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார். வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அது ரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. மனுஷர்களிடம் சோதித்து, நோபல்காரர் பெயரோடு வந்த மூலிகைக்கே இந்தக் கதி என்றால், எலியோடு நின்றுபோன பூவை எவ்வளவு நம்புவது? பி, சி இரண்டுக்கும் இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, அரசு மருத்துவமனைகளில் தேசியத் திட்டத்தில் இலவசம். சி வகைக்குப் பலருக்கு 12 வாரத்திலேயே முடிந்துவிடும்.

டாக்டரே சிலிமரின் மாத்திரை எழுதித் தருகிறாரே, அதுவும் பூதானே?

ஒரு முள்செடியின் விதையிலிருந்து எடுப்பது, படம் மட்டும் ஊதாப் பூவாகப் போடுவார்கள். ஐரோப்பாவில் விஷக்காளான் சாப்பிட்டவர்களுக்கு அதன் சத்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள், அது வேறு சங்கதி. 2012இல் ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு வழக்கத்தைவிட அதிக அளவு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் வெறும் மாத்திரையைவிட எஸ்ஜிபிடி இறங்கவில்லை. டாக்டர் எழுதினால் சாப்பிடுங்கள், பெரிய கெடுதல் கிடையாது. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாழைப்பூ, முருங்கைப்பூ, சங்குப்பூ?

சாப்பாடாகச் சாப்பிடுங்கள். முருங்கைப்பூச் சாறு பாராசிட்டமால் கொடுத்த எலிகளைக் காத்தது, சங்குப்பூவிலும் நீலநிறச் சத்தை வைத்து ஆராய்ச்சிகள் உண்டு. வாழைப்பூவைப் பொரியலாகவோ கூட்டாகவோ செய்தால் நார்ச்சத்து. கோளா உருண்டையாகச் செய்தால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெய்ச் சட்டியில் இறங்கி எழுந்ததைக் கல்லீரல் மருந்து என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

கிராம்பும் அன்னாசிப்பூவும்கூட பூதானே? நம் சமையலில் இல்லாத நாளே இல்லையே.

அன்னாசிப்பூ பெயருக்குத்தான் பூ, அது காய்ந்த காய். கிராம்பு நிஜமாகவே பூமொக்கு. குழம்பில் நான்கு கிராம்புக்கு ஒன்றும் ஆகாது. கிராம்பு எண்ணெய் பாட்டிலை மட்டும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சில மில்லி குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரலே செயலிழந்திருக்கிறது. மணக்க மணக்க இருக்கும் மொக்கை எண்ணெயாக இறக்கினால் என்ன ஆகிறது பாருங்கள்.

வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பூக்கஷாயம் குடிக்கலாமா?

டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். ஆவாரைக்குச் சர்க்கரையைக் குறைக்கிற குணம் எலிகளில் தெரிந்திருக்கிறது, சர்க்கரை மாத்திரையும் போட்டுக் கஷாயமும் குடித்துச் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டால் கிறுகிறுவென்று வரும். வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபைன் மாத்திரையின் அளவு, ஆவாரைச் சாறும் சேர்த்துக் கொடுத்த எலிகளின் ரத்தத்தில் கூடியிருக்கிறது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் இந்த வம்பே வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது குடிக்கிற கஷாயத்தையும் சொல்லுங்கள், "மருந்து எதுவும் சாப்பிடவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு டப்பா இருக்கிறது.

ராத்திரி மது குடிக்கப் போகிறவர் முன்னாடியே ஆவாரம்பூ சாப்பிட்டுவிட்டுப் போனால்?

ஊசிக்கு முன்னால் ஒரு வாரம் சாறு குடித்த எலிதான் நினைவுக்கு வருகிறது. வேண்டாம். தினம் குடிக்கிறவர்கள் காலையில் தலைவலிக்குப் பாராசிட்டமாலை அள்ளிப் போடுவதையும் நிறுத்த வேண்டும், சாதாரண ஆளுக்கே ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது, இவர்களுக்கு அதைவிடக் குறைவு.

சித்த வைத்தியத்தையே குறை சொல்கிறீர்களா?

இல்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, இன்ன சரக்கு, இத்தனை நாள் என்று எழுதிக் கொடுப்பது ஒரு முறை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, போய்க் கேளுங்கள். போனில் வந்த வீடியோவைப் பார்த்துப் பெயரில்லாத பொடியை ஆறு மாதம் குடிப்பதைச் சித்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எப்போது கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கண் மஞ்சளோடு தூக்கக் கலக்கம், பேச்சு குழறல், ஆள் அடையாளம் தெரியாமல் உளறல். வயிறு உப்பி நீர் கட்டுதல். ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் இதில் எதற்கும் காத்திருக்கக் கூடாது, ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு உயிரையே எடுத்துவிடும். மந்திரிக்கிற இடத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அந்த ஒரு நாளைக் கழிக்காதீர்கள்.

இவ்வளவும் கேட்டபிறகும் எனக்கு ஆவாரம்பூ டீ பிடிக்கும். எப்படி வைத்துக்கொள்வது?

எனக்கும் பிடிக்கும். நீங்களே பார்த்துப் பறித்த பூவாக இருக்கட்டும், ரோட்டோரத்துச் செடி வேண்டாம், புகையும் தூசியும் அதன் மேல்தான். பூவை ஒன்றொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு நிழலில் மொறமொறவென்று காயவைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சரியாகக் காயாத பூவில் பூஞ்சணம் பூக்கும். நிலக்கடலையிலும் வற்றலிலும் சில பூஞ்சணங்கள் உண்டாக்குகிற அஃப்ளாடாக்ஸின் கல்லீரலுக்குப் பெரிய எதிரி, அது பூவிலும் வரலாம், கொதிக்க வைத்தாலும் முழுக்கப் போகாது. பாட்டிலைத் திறந்ததும் மக்கின வாடை வந்தால், மேலே இருப்பதை மட்டும் எடுத்துப்போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் வேண்டாம், பாட்டிலோடு காலி பண்ணிவிடுங்கள். கண்மாய்க்கரையில் அடுத்த மாதமும் பூக்கும்.